கண்ணில் லேசர் செய்தும் பார்வை கூடவில்லை என்றால் செய்தது வீணா?

பிப்ரவரி 4, காலை (கேள்வி)

அம்மாவுக்கு நெடுநாள் சர்க்கரை. விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன, லேசர் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். இரண்டு கண்ணிலும் செய்து மாதங்கள் ஆகிவிட்டன. எழுத்து அட்டையில் ஒரு வரிகூடக் கூடுதலாகப் படிக்க முடியவில்லை. இருட்டில் தடுமாறுவது முன்பைவிட அதிகம். என் நண்பன் ஒருவன் லேசர் செய்த மறுநாளே கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டான். அப்படியென்றால் அம்மாவுக்குச் செய்தது என்ன? ஏமாந்துவிட்டோம் என்றுதான் படுகிறது. லேசரால் யாருக்காவது பார்வை திரும்பியிருக்கிறதா?

பிப்ரவரி 4, இரவு

உங்கள் நண்பன் செய்துகொண்டதற்கும் அம்மாவுக்குச் செய்ததற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நானும் சர்க்கரைக்காரன்தான், அம்மாவுக்குச் செய்த அதே லேசரை இரண்டு கண்ணிலும் வாங்கியவன். எனக்கும் பார்வை கூடவில்லை. கூட்டுவதற்காக அதை யாரும் செய்வதில்லை, இருப்பது போய்விடாமல் இருக்கத்தான் செய்கிறார்கள். இதைச் செய்வதற்கு முன்பே உங்களை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கியிருந்தால் உங்கள் கோபம் நியாயம், ஆனால் அந்தக் கோபத்தை லேசர் மேல் காட்ட வேண்டாம்.

உள்ளே நடப்பது இதுதான். சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத பகுதி விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்க, அது புதுக் குழாய்களை முளைக்க வைக்கிறது. முளைப்பவை ஒழுங்கான குழாய்கள் அல்ல, சும்மா இழுபட்டாலே உடைகிறவை. உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் பரவிப் பார்வை மறையும். தழும்பாகிச் சுருங்கினால் விழித்திரையையே பிடித்து இழுத்துப் பிரித்துவிடும். லேசர் செய்பவர் நடுப் பார்வைக்கான மேக்குலாவை விட்டுவிட்டு, சுற்றியுள்ள ஓரப் பகுதியில் பொட்டுப் பொட்டாகச் சூடு வைக்கிறார். வழக்கமான கணக்கு ஒரு கண்ணுக்கு 1,200 முதல் 1,600 பொட்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். சூடு பட்ட இடம் செத்துவிடும், செத்த இடம் ஆக்சிஜன் கேட்காது, புரதமும் குறையும், புதுக் குழாய்கள் வாடும். தண்ணீர் பற்றாத வருடத்தில் கடைமடைக்கு மடையை அடைத்து மிச்சப் பயிரைக் காப்பாற்றுகிறோமே, அந்தக் கணக்கு. கடைமடைக்காரனுக்கு நஷ்டம்தான். இருட்டில் பார்க்க உதவும் செல்கள் அதிகம் இருப்பது அந்த ஓரப் பகுதியில்தான் என்பதால் அம்மா இரவில் தடுமாறுகிறார்.

பிப்ரவரி 5

"போகாமல் இருக்கத்தான் என்றால், போயிருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி. ஒரு தனி ஆளை வைத்துச் சொல்லவே முடியாது, என் கண்ணை வைத்தும் முடியாது. அதனால்தான் 1970-களில் அமெரிக்காவில் 1,700-க்கும் மேற்பட்ட சர்க்கரைக்காரர்களை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள். ஒரே ஆளின் ஒரு கண்ணுக்கு லேசர், மற்றக் கண்ணைச் செய்யாமல் விட்டுக் கண்காணிப்பு. இரண்டு வருடத்தில் விட்ட கண்களில் சுமார் 16 சதவீதம் கடுமையான பார்வை இழப்புக்குப் போயின, செய்த கண்களில் 6 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது. இவ்வளவு வித்தியாசம் தெரிந்த பிறகு மற்றக் கண்ணை அப்படியே விட்டு வைக்க மனசாட்சி இடம் தரவில்லை, 1976-இல் விதியை மாற்றி அந்தக் கண்களுக்கும் செய்ய அனுமதித்தார்கள். எனக்கு இந்த ஆய்வில் எண்களைவிட அந்த விதி மாற்றம்தான் பெரிய சாட்சியாகப் படுகிறது.

பிப்ரவரி 5, பின்னிரவு

வலிக்குமா என்று கேட்டவருக்கு. வலிக்கும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து, மரத்துப் போக இன்னொரு சொட்டு. அப்புறம் மோவாயை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியைப் பட்டையில் அழுத்தச் சொல்வார்கள். கூழ் தடவிய தடித்த லென்ஸ் ஒன்றைக் கண் மேலேயே வைத்துப் பிடித்துக்கொள்வார்கள், இமைக்கவே முடியாது. பிறகு பச்சை மின்னல், அடுத்தடுத்துப் பச்சை மின்னல். முதல் நூறு ஷாட் "இவ்வளவுதானா" என்று இருந்தது. கடிகாரத்தில் 3 மணி, 9 மணி இருக்கும் திசைகளுக்குப் போனதும் கண்ணுக்குப் பின்னால் யாரோ குத்துவது போல இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். நீண்ட நரம்புகள் அந்த வழியாகத்தான் ஓடுகின்றனவாம். தாங்காவிட்டால் சொல்லுங்கள், சக்தியைக் குறைப்பார்கள், அல்லது கண்ணுக்குப் பக்கத்தில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள், அல்லது இன்னொரு சிட்டிங்குக்குத் தள்ளி வைப்பார்கள். வீரம் காட்ட வேண்டிய இடமில்லை இது. முடித்துத் தலையை எடுத்ததும் அந்தக் கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை, கொஞ்ச நேரம் கழித்து வெள்ளைச் சுவர் ரோஜா நிறத்தில் தெரிந்தது. பச்சையைப் பார்த்துப் பார்த்துக் கண் சோர்ந்ததால் வருவது, தானாகவே போய்விடும். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் நான் அப்படிப் பதறியிருக்க மாட்டேன்.

இப்போது பல இடங்களில் ஒரே அழுத்தலில் பொட்டு வரிசையையே வைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஒரு பொட்டுக்குப் பழைய 100 மில்லிநொடிக்குப் பதில் 20 மில்லிநொடி போதும், வலி குறைவு. பொட்டு சிறிதாக விழுவதால் எண்ணிக்கை மட்டும் கூடும்.

பிப்ரவரி 7

சூடு வைத்தா வைத்தியம் என்று ஒருவர் சிரித்திருக்கிறார். சிரியுங்கள், இதன் பிறப்பே அப்படித்தான். 1945 ஜூலை 9-ஆம் தேதி சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து மேக்குலாவைச் சுட்டுக்கொண்ட ஒருவரை ஜெர்மானியக் கண் மருத்துவர் மேயர் ஷ்விக்கெராத் பரிசோதித்தார். ஒளி விழித்திரையில் தழும்பு போடும் என்றால், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு தழும்பு போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கிரகணத்தைப் பார்க்காதே என்று ஊரே சொல்லும், பார்த்தவனை வைத்து வைத்தியம் கண்டுபிடிக்கவும் ஒருவர் வேண்டியிருக்கிறது! கூரையிலிருந்து கண்ணாடிகளால் சூரிய ஒளியைப் பிடித்து நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். மேகம் வந்தால் வைத்தியம் நின்றுவிடும். பிறகு 1950-களில் செனான் விளக்கு வந்தது.

1960-இல் அமெரிக்க இயற்பியலாளர் மெய்மன் உலகின் முதல் லேசரான ரூபி லேசரை எரிய வைத்தார். அடுத்த வருட இறுதியிலேயே நியூயார்க்கில் அதை ஒரு மனிதரின் விழித்திரைக் கட்டிக்குப் பயன்படுத்திவிட்டார்கள். மருத்துவத்தில் ஒரு கண்டுபிடிப்பு இவ்வளவு சீக்கிரம் ஆள் மேல் வந்தது அபூர்வம். ஆனால் ரூபியின் சிவப்பு ஒளியை ரத்தம் அவ்வளவாக உறிஞ்சாது, ரத்தக்குழாய் நோய்க்கு அது பொருத்தமில்லை. 1968-இல் ஆர்கான் வாயு லேசரின் நீலப்பச்சை ஒளி வந்த பிறகுதான் இது அன்றாட வைத்தியம் ஆனது. இப்போது பெரும்பாலும் 532 நானோமீட்டர் பச்சை, சில இடங்களில் 577 மஞ்சள்.

பிப்ரவரி 8

நண்பனின் கண்ணாடி விவகாரம். அது எக்சைமர் லேசர், 193 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாத புற ஊதா. விழித்திரை வரை போகவே போகாது, முன்னால் இருக்கும் கார்னியாவிலேயே நின்றுவிடும். சுடுவதும் இல்லை. மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து, ஒரு துடிப்புக்கு மைக்ரானில் கால் பங்கு அளவுக்குத் திசுவை ஆவியாக எடுத்துவிடும். பக்கத்துத் திசுவுக்குச் சூடு பரவாது என்பதுதான் அதன் சிறப்பு. அதை முதலில் பார்த்தவர்கள் ஐபிஎம் ஆய்வகத்தில் ரங்கசாமி ஸ்ரீனிவாசன், ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் மூவரும். 1981 நவம்பரில், விருந்தில் மீந்த வான்கோழி மேல் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்ரீனிவாசன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது என்பது என் நெடுநாள் வயிற்றெரிச்சல். 1983-இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் அவருடன் சேர்ந்து கார்னியாவில் செய்து காட்டினார்.

ஆக நண்பனுக்கு இருந்தது பவர்தான். கண்ணாடி போட்டால் முழுதாகத் தெரிந்த கண் அது, கண்ணாடியின் வேலையைக் கார்னியாவிலேயே செதுக்கினார்கள், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பழுது விழித்திரையில். நாற்பதைத் தாண்டியதும் படிக்கும் கண்ணாடி நண்பனையும் தேடி வரும் என்று அவரிடம் சொல்லி வையுங்கள், இப்போது ரொம்பத் துள்ள வேண்டாம். கார்னியா மெலிந்தவர்களுக்கும் கூம்பிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதைச் செய்யவே கூடாது, கண் வறட்சியும் பலருக்கு வரும்.

பிப்ரவரி 8, மாலை

"என் அப்பாவுக்குப் புரையையே லேசரில் எடுத்தார்கள்." அநேகமாக இல்லை. புரையை உடைத்து உறிஞ்சுவது கேளா ஒலி அதிர்வு. ஃபெம்டோநொடி லேசர் வைத்திருக்கும் இடங்களில்கூட அது கீறலும் லென்ஸைச் சுற்றியுள்ள பையில் வட்டத் திறப்பும் போட்டு லென்ஸைத் துண்டாக்கித் தரும், மிச்சத்தை உறிஞ்சி எடுத்துப் புது லென்ஸ் வைப்பது பழைய முறைதான். தையல் இல்லை, ஊசி இல்லை என்றாலே லேசர் என்று வீட்டில் பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

பிப்ரவரி 10

உங்கள் முதல் கேள்வியின் கடைசி வரிக்கு நான் பதிலே சொல்லவில்லை. லேசரால் பார்வை திரும்பியவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார், என் அக்கா.

புரை அறுவை முடிந்து நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது. ஒன்றிரண்டு வருடம் கழித்து மறுபடி மங்கல், எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றிப் பூப் பூவாகச் சிதறல். புரை திரும்ப வந்துவிட்டது என்று அவரே முடிவு கட்டி அழுதுகொண்டிருந்தார். புரை திரும்ப வராது. செயற்கை லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பையின் பின் சவ்வில் மிஞ்சிய செல்கள் வளர்ந்து அதை மங்கலாக்குகின்றன. இதற்குத்தான் யாக் லேசர். 1064 நானோமீட்டர், நானோநொடி அளவுத் துடிப்பு. சூடு வைப்பதில்லை, குவிகிற புள்ளியில் சின்ன வெடிப்பு உண்டாக்கிச் சவ்வைக் கிழிக்கிறது. 1980 வாக்கில் பாரிஸில் டேனியல் ஆரோன் ரோசாவும் பெர்ன் நகரில் ஃபிரான்ஸ் ஃபான்க்ஹவுசரும் தொடங்கி வைத்தது. அதற்கு முன் இதற்காக மறுபடி கத்தி வைக்க வேண்டியிருந்தது.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டிக், டிக் என்று சத்தம், ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அன்று பாப்பா விரிந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை, மறுநாள் காலையில் நாட்காட்டியைத் தூரத்திலிருந்தே படித்தார். கிழிந்த துணுக்குகள் சில நாள் பூச்சி பறப்பது போலத் தெரிந்து அடங்கின. கண் அழுத்தம் அன்றைக்குக் கொஞ்சம் ஏறலாம், அதனால்தான் சொட்டு மருந்து போட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அரிதாக விழித்திரை பிரிவதும் உண்டு. ஆகவே மங்கலுக்குக் காரணம் சவ்வுதானா, இல்லை பின்னால் மேக்குலாவில் வீக்கமா என்று பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். சர்க்கரைக்காரருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

பிப்ரவரி 11

நான் 4-ஆம் தேதி எழுதியதை வைத்து "லேசர் பழைய காலத்து வைத்தியம், இப்போது எல்லாம் கண்ணுக்குள் போடும் ஊசிதான்" என்று ஒருவர் சற்றுக் காரமாகவே எழுதியிருக்கிறார். பாதி உண்மை. மேக்குலா வீக்கத்துக்கு 1985-இல் லேசர் பார்வை இழப்பைப் பாதியாகக் குறைக்கும் என்று காட்டினார்கள், ஆனால் இழந்ததை அது அதிகம் திருப்பித் தரவில்லை. விஇஜிஎஃப்-ஐ முடக்கும் ஊசிகள் வந்த பிறகு பலருக்குப் பார்வை உண்மையாகவே கூடியது. வீக்கத்துக்கு இன்று முதல் ஆயுதம் ஊசிதான், எனக்கும் போட்டார்கள், பேச்சுக்கு இடமில்லை.

புதுக் குழாய் முளைத்த நிலைக்கு அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. அந்த ஊசிகளில் ஒன்றான ரானிபிசுமாப் லேசருக்குக் குறைந்ததில்லை என்று 2015-இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது, ஓரப் பார்வை இழப்பும் ஊசியில் குறைவு. எல்லாம் சரி, அந்த ஆய்வில் இருந்தவர்கள் தவறாமல் வந்து போனவர்கள். ஊசியின் வேலை சில வாரங்களில் தீர்ந்துவிடும். சிறுநீரகம் கெட்டு இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தாலோ, கூட்டிப் போக ஆள் இல்லாமல் போனாலோ, குழாய்கள் திரும்ப முளைக்கும். நடுவில் வராமல் போனவர்களைப் பார்த்த ஆய்வுகளில் ஊசி மட்டும் போட்டவர்களின் கண்கள்தான் லேசர் செய்தவர்களைவிட மோசமாகியிருந்தன. லேசர் வைத்த தழும்பு நீங்கள் வராவிட்டாலும் அங்கேயே இருக்கும். நான் எந்தப் பக்கம் என்றால், மாதாமாதம் வருவேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஆளுக்கு லேசர்தான். எத்தனை பேரால் அப்படிச் சொல்ல முடியும்?

பிப்ரவரி 11, இரவு

காரம் என்று சொன்னதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களால்தான் அந்தப் பகுதியை எழுதினேன்.

பிப்ரவரி 14

க்ளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த நோய் இல்லை, படித்ததைச் சொல்கிறேன். அங்கே லேசர் வேறு இரண்டு வேலை செய்கிறது. கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் மூடிக்கொள்ளும் வகைக்கு, கண் பாப்பாவைச் சுற்றியுள்ள ஐரிஸின் ஓரத்தில் யாக் லேசரால் ஒரு சின்ன ஓட்டை, உள்ளே நீர் சுற்றிவர மாற்றுவழி. கோணம் திறந்திருக்கும் வகைக்கு எஸ்எல்டி என்ற லேசர் முறை. நீர் வடியும் சல்லடைத் திசுவில் மிகக் குறைந்த சக்தியில் பச்சை லேசர் துடிப்பு, தழும்பே விழாது, வடிகால் சீராகிறது. 2019-இல் லான்செட்டில் வந்த பிரிட்டன் ஆய்வில், முதலிலேயே எஸ்எல்டி செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய 74 சதவீதம் பேருக்கு மூன்று வருடம் வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. நாள் தவறாமல் சொட்டு போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை அலமாரியில் மறப்பவர்கள் இதைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். பலன் சில வருடங்களில் தேயும், திரும்பச் செய்யலாம். போன பார்வை இங்கும் திரும்பாது. அழுத்தத்தைத்தான் குறைக்கிறார்கள், நரம்பைச் சரிசெய்வதில்லை.

பிப்ரவரி 15

அம்மாவுக்குப் புதுக் குழாய்கள் சுருங்கிவிட்டதாக மருத்துவர் சொன்னாராமே. அதுதான் நீங்கள் கேட்ட பலன், எழுத்து அட்டையில் அது தெரியாது. இரவில் நடைவழியில் ஒரு சின்ன விளக்கை எரிய விடுங்கள், படிக்கட்டின் விளிம்பில் வெள்ளைப் பட்டை ஒட்டுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் விட்டுவிட்டு லேசரை மட்டும் நம்பினால் திரும்ப அதே நாற்காலிதான்.

பிப்ரவரி 15, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது: திடீரென்று பூச்சிகள் கொத்தாகப் பறந்தால், ஓரத்தில் மின்னல் வெட்டினால், அன்றே காட்டுங்கள். விழித்திரையில் கிழிசல் என்றால் அதைச் சுற்றி லேசரால் வேலி போட்டுவிடுவார்கள், தழும்பு நன்றாக ஒட்டிக்கொள்ள இரண்டு வாரம் பிடிக்கும். நாள் கடத்தி விழித்திரை பிரிந்து போனால் அப்புறம் லேசர் மட்டும் உதவாது, அறுவைதான்.

பிப்ரவரி 19

குறைமாதக் குழந்தையின் கண்ணில் லேசரா என்று அதிர்ந்துபோன தந்தைக்கு: ஆமாம், செய்வார்கள், தள்ளிப் போடாதீர்கள். சீக்கிரம் பிறந்த குழந்தைக்கு விழித்திரையின் ஓரம் வரை ரத்தக்குழாய் வளர்ந்து முடிந்திருக்காது. அங்கேயும் ஆக்சிஜன் இல்லாத ஓரம், அதே புரதம், அதே தாறுமாறான முளைப்பு. மருத்துவர் தலையில் மாட்டிய கருவி வழியாக ஓரத்துக்கு லேசர் வைப்பார், சில வகைக்கு ஊசி போடுவதும் உண்டு. செய்ய வேண்டிய நிலை என்று தெரிந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும். பெரியவர்களைப் போல வாரக்கணக்கில் யோசிக்க அவகாசம் இல்லை. எங்கே நன்றாகச் செய்வார்கள் என்று இங்கே கேட்டுக்கொண்டிருப்பதைவிட, குழந்தையைப் பார்க்கிற மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.

மார்ச் 2

இழை எங்கெங்கோ போய் இப்போது பொம்மை லேசரில் வந்து நிற்கிறது. போகட்டும், அதுவும் தெரிய வேண்டியதுதான். பையன் பச்சை லேசர் பேனாவைக் கண்ணுக்கு நேரே அடித்துக்கொண்டான், நடுவில் கரும்புள்ளி தெரிகிறது என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேனாக்களில் பல, எனக்குச் சூடு வைத்த அதே 532 நானோமீட்டர்தான். ஒரு மில்லிவாட்டுக்குள் இருக்கும் வகை என்றால் கண் தானாக மூடிக்கொள்வதே காப்பாற்றிவிடும். அச்சிட்ட சீட்டில் ஒன்றும் உள்ளே பல மடங்கு சக்தியுமாக விற்பவை இருக்கின்றன, சீட்டை நம்ப முடியாது. கரும்புள்ளி தெரிகிறது என்றால் விழித்திரை பார்ப்பவரிடம் இன்றே கூட்டிப் போங்கள், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள், பேனாவையும் கையோடு எடுத்துப் போங்கள். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம், அது விழித்திரைக்கு ஒன்றும் செய்யாது.